துணியைத் தெரிந்துகொண்டு ஊசியை எடுங்கள்

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலை, சேலையூர் கேம்ப் ரோடு, குரோம்பேட்டை ராதா நகர் என்று எந்தப் பக்கம் பத்து நிமிடம் நடந்தாலும் பலகைகள் கண்ணில் படும். 'ஆரி ஒர்க் கற்றுத் தரப்படும்', 'பிளவுஸ் கட்டிங் பத்தே நாளில்', 'பிரைடல் பிளவுஸ் ஆர்டர் எடுக்கப்படும்'. உள்ளே போனால் வீட்டின் முன்னறையில் ஒரு ஃப்ரேம், இரண்டு தையல் மெஷின், ஜன்னலோர வெளிச்சத்தில் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். தென் சென்னைப் புறநகரில் ஊசித்தொழில் இப்படி வீடு வீடாகத்தான் பரவியிருக்கிறது. கற்றுக்கொள்ள நினைப்பவர் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

எங்கே கற்பது, சேரும் முன் என்ன கேட்பது, எங்கே போய்ப் பார்ப்பது, எங்கே வாங்குவது என்பதையெல்லாம் இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள வகுப்புகளில் பெரும்பாலானவை ஊசியில் தொடங்குகின்றன. முதல் நாளே ஃப்ரேம் கட்டி, செயின் ஸ்டிச் போடச் சொல்லிவிடுகிறார்கள். எந்தத் துணி, அது எப்படி நெய்யப்பட்டது, தண்ணீர் பட்டால் என்ன ஆகும், எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முதல் சலவையில் லைனிங் சுருங்கிக் கழுத்து வளைந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே முதலில் துணி, பிறகு ஊசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தெற்கே செல்லும் ரயிலில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் தறிகள். வடக்கே அடுத்த நிறுத்தமான சானடோரியத்தில், 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் அதன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும். வேளச்சேரி வழியாகப் போனால் தரமணியில் நிஃப்ட், திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. நெசவு, கைவேலை, தொழிற்சாலைத் தையல், வடிவமைப்புப் படிப்பு என எல்லாவற்றையும் வீட்டிலிருந்து போய், பார்த்து, அன்றே திரும்பிவிடலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் முன்னறை வகுப்போடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வாரம் துணிக்கு

ஒரு மீட்டர் கேஸ்மென்ட், ஒரு மீட்டர் மல், ஒரு மீட்டர் பாலியஸ்டர் கலந்த துணி வாங்குங்கள். மூன்றிலும் கரையைக் கண்டுபிடியுங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. பாவு நூல் தறியில் இழுவிசையோடு கட்டப்பட்டிருந்ததால் அந்தத் திசையில் துணி அவ்வளவாக நீளாது. ஊடுப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, குறுக்குச் சாய்வாகப் பிடித்து இழுத்தால் நன்றாகவே நீளும். தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இந்தத் திசையைத்தான். கழுத்துக்குப் பட்டி வைக்கும்போது கிராஸ் பீஸ் வெட்டச் சொல்வதன் காரணம் இதுதான்: வளைவில் சுருக்கம் விழாமல் திரும்பும். காரணம் தெரிந்துவிட்டால் யாரும் சொல்லித் தராத இடத்திலும் எப்படி வெட்டுவது என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

அடுத்து நூலைச் சோதியுங்கள். துணியின் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, பழைய தட்டில் வைத்து, தண்ணீர் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு பற்ற வையுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான உருண்டையாக நின்றுவிடும். 'ஆர்ட் சில்க்' என்று கடையில் சொல்வது பட்டு அல்ல என்பதை ஒருமுறை கொளுத்திப் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சுருக்கம். மல், கேஸ்மென்ட் இரண்டிலும் சரியாக 30 செ.மீ. சதுரம் வெட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பருத்தி லைனிங்கை வெட்டும் முன் நனைத்துக் காயவைப்பது ஏன் தவிர்க்க முடியாத வேலை என்று அந்த அளவே சொல்லிவிடும். அவசர ஆர்டரில் முதலில் விட்டுப்போவதும் இந்த வேலைதான்.

பீரோவில் இருக்கும் பாடம்

துணி படிக்க நல்ல நூல் ஒன்று அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கும். அம்மாவுடைய அல்லது பாட்டியுடைய கல்யாணக் காஞ்சிப் பட்டு. அதை வெளியில் எடுத்துச் சுத்தமான பாயில் விரித்து, பின்பக்கம் திருப்புங்கள்.

உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால், இரண்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். நல்ல கோர்வைப் புடவையில் உடலின் ஊடு நூலும் கரையின் ஊடு நூலும் அந்த இடத்தில் ஒன்றையொன்று பின்னித் திரும்பும். ஒவ்வொரு கரைக்கும் ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என மூன்று ஓடும். அதனால்தான் கோர்வைத் தறியில் நெசவாளருடன் கூட ஒருவரும் உட்கார வேண்டியிருக்கிறது. தாழம்பூ ரேக்கு வைத்த கரை என்றால் பற்கள் போன்ற முனைகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொஞ்சம் ஏறியிறங்கினால் குறை சொல்லாதீர்கள். கையால் கோர்த்த இடம் அப்படித்தான் இருக்கும்.

பிறகு முந்திக்கு வாருங்கள். உடலின் நிறம் முடிந்து முந்தியின் நிறம் தொடங்கும் இடத்தை விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அது பிட்னி. உடலுக்கான பாவோடு முந்திக்கான வேறு நிறப் பாவை இழை இழையாகச் சேர்த்து, சிறிது தூரம் இரண்டையும் ஒன்றாக நெய்து, பழைய பாவை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த மேட்டில் இருப்பது இரட்டை இழை. இதைத் தொட்டு அறிந்தவர் அதன் மேல் குந்தன் கல் வைக்கவோ, பிட்னிக் கோட்டில் துளை போடவோ மாட்டார். பிளவுஸ் பீஸ் புடவையோடு சேர்ந்து வரும்போது எந்த இடத்தில் வெட்டுவது என்பதும் தானாகப் புரியும்.

ஜரிகையையும் அப்போதே கவனியுங்கள். காஞ்சிபுரத்தின் பழைய தரமான ஜரிகை, பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். சென்னையின் ஈரக்காற்றில் வெள்ளி கறுக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதும், நாப்தலின் உருண்டையை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்வதும், அவ்வப்போது மடிப்பு மாற்றுவதும் அவசியம். நீங்கள் நாளை ஆரி வேலை செய்து கொடுக்கப்போகும் பிளவுஸுக்கும் இதே பராமரிப்பைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும்.

வாங்கும்போது, தூய பட்டுக்கு சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது அது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லிருந்து புவிசார் குறியீடும் உண்டு. அட்டையைப் பார்ப்பது நல்லது. பின்பக்கத்தைப் பார்ப்பது அதைவிட நல்லது.

கைத்தையல்: சின்ன ஊசி, பெரிய பொறுமை

ஆரிக்கு முன் சாதாரண ஊசியில் ஒரு மாதம் வேலை செய்யுங்கள். ஆறு இழை கொண்ட பூத்தையல் நூல் கண்டு ஒன்றில் எட்டு மீட்டர் இருக்கும். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமான நூல் துணியில் உரசி உரசித் தேய்ந்து பளபளப்பை இழக்கும். ஆறில் இரண்டு இழைகளைத் தனித்தனியாக உருவி, பிறகு சேர்த்துக் கோர்த்தால் நூல் முறுக்கிக்கொள்ளாது. ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், சாட்டின், பிரெஞ்சு நாட் என ஐந்தும் கைவந்தால் போதும். பழைய பள்ளிகளில் தையல் டீச்சர் ஒரே துணியில் வரிசை வரிசையாகப் போட வைத்த மாதிரித் துணியை நீங்களும் ஒன்று தயாரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தேதி குறித்து வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் நீலகிரித் தோடர்களின் பூத்தையலைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. முரட்டுப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்பும். வரைபடம் கிடையாது, டிரேஸிங் கிடையாது, ஃப்ரேமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே உருவத்தை எழுப்புகிறார்கள். நெசவும் பூவேலையும் எங்கே பிரிகின்றன என்று சட்டென்று சொல்ல முடியாத அளவுக்கு அது துணியோடு சேர்ந்திருக்கும். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், கிட்டத்தட்டக் கைவிட்டுப்போன தங்கள் தையலை மூத்த பெண்களிடமிருந்து மீண்டும் கற்று, 'போர்கை' என்ற பெயரில் இன்று விற்கிறார்கள். நம் மாநிலத்திலேயே இவ்வளவு இருக்கும்போது, இணையத்தில் வரும் வடிவங்களையே பத்துப் பேரும் பார்த்துப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆரி: கொக்கியின் தந்திரம்

தென் புறநகரில் இன்று காசு வரும் வேலை ஆரிதான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஆரி ஊசியின் முனையில் சிறு கொக்கி இருக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகளின் கருவியிலிருந்து வளர்ந்தது என்று இந்த வேலையின் வரலாற்றைச் சொல்வார்கள். துணியை ஃப்ரேமில் நான்கு பக்கமும் காடாத் துணியோடு இணைத்து இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் சுண்டினால் 'டப்' என்று கேட்க வேண்டும். தளர்ந்த ஃப்ரேமில் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் தையல் சுருங்கும்.

வலது கை மேலே ஊசியோடு. இடது கை துணிக்கு அடியில் நூலோடு. ஊசி கீழே இறங்கியதும் இடது கை நூலைக் கொக்கியில் சுற்றிக் கொடுக்கிறது. ஊசியை அரை வட்டம் திருப்பி மேலே இழுத்தால் நூல் ஒரு வளையமாக வரும். அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி இறங்கி அடுத்த வளையத்தை எடுக்க வேண்டும். இதுதான் சங்கிலி. திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியின் இழையைப் பிடித்துக் கிழிக்கும். முதல் வாரம் எல்லோருக்கும் துணி மாட்டிக்கொள்ளும். அந்தத் திருப்பத்தைக் கை பழகும்வரை மணி, சமிக்கி எதையும் தொடாதீர்கள்.

ஆரியில் மிக முக்கியமான இடம் கடைசித் தையல். சங்கிலி, ஒரு வளையத்தை அடுத்த வளையம் பிடித்துக்கொண்டிருப்பதால் நிற்கிறது. கடைசி வளையத்தை யாரும் பிடிக்கவில்லை. அதை நாட் போட்டுப் பூட்டாவிட்டால், நுனியை இழுத்ததும் வரிசை முழுக்கச் சரசரவென்று கழன்று வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் வளையலில் மாட்டி இழுபட்ட ஒரு நூலால் கை முழுவதும் வெறுமையான பிளவுஸ்கள் உண்டு. எந்த வகுப்பில் சேரும் முன்பும் ஆசிரியர் செய்த ஒரு பிளவுஸைக் கேட்டு வாங்கி, உள்பக்கம் திருப்பி, முடிச்சுகளைப் பாருங்கள். பின்பக்கம் காட்டத் தயங்குகிறவரிடம் சேராதீர்கள். அவருடைய சான்றிதழ்கள் சுவரில் எத்தனை தொங்கினாலும் சரி.

வடிவத்தைத் துணிக்கு மாற்றும் முறையையும் கேளுங்கள். மஞ்சள் கார்பன் வைத்துத் தேய்ப்பது சுலபம், ஆனால் கை படப் பட அழியும். பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பது தொழில்முறை. ஒரு முறை துளையிட்ட தாளை வைத்து இடது கை, வலது கை இரண்டுக்கும் திருப்பிப் பயன்படுத்தலாம். இதைக் கற்றுத் தராத வகுப்பு பாதி வகுப்பு.

பிளவுஸ் வேலையில் துணியை வெட்டும் முன்னரே பூவேலை முடிய வேண்டும். அளவு பிளவுஸை வாங்கி, கழுத்து, கைப்பகுதி, தோள் எல்லாவற்றையும் முழுத் துணியிலேயே குறித்து, தையல் விளிம்புக்கு இடம் விட்டு வேலையைத் தொடங்குங்கள். விளிம்புக் கோட்டில் மணியோ கல்லோ வந்துவிட்டால் மெஷின் ஊசி அதில் பட்டு உடையும். டெய்லர் மணியை நசுக்கி எடுத்துவிட்டுத் தைப்பார். அந்த இடத்தில் நூல் தளரும். பூவேலை செய்பவரும் தைப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், குறிக்கும்போதே இருவரும் பேசிக்கொள்வது நல்லது. குந்தன் கல்லைப் பசை மட்டும் போட்டு ஒட்டிவிடாமல் சுற்றிலும் ஜரி நூலால் பிடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் பசை எத்தனை நாள் தாங்கும்?

நேரத்தைப் பற்றி ஒரு யோசனை. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த ஆர்டர்கள் குவியும்போது எந்த ஆசிரியருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. உங்களை வைத்துத் தன் ஆர்டரை முடிக்கத்தான் பார்ப்பார். ஆடியிலோ மார்கழியிலோ சேருங்கள். கல்யாணம் இல்லாத மாதங்கள். கை ஓய்வாக இருக்கும்போது சொல்லித் தருவதில் பொறுமை இருக்கும்.

விலை சொல்லும்போது கவனமாக இருங்கள். பொருளுக்கு ஆன செலவோடு ஏதோ கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிட்டு, இரவு கண்விழித்து முடித்துக் கொடுக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று உங்களுக்கே ஒரு கூலி வைத்து, அதன் பிறகு பொருள் விலையைச் சேருங்கள். ஃப்ரேம் மேல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். கண்ணும் முதுகும் போய்விட்டால் இந்தத் தொழிலில் வேறு முதலீடு இல்லை.

இந்தக் கைவேலை உலக அளவில் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். பாரிஸின் புகழ்பெற்ற பூவேலைக் குடும்பமான லெசாஜ் வீட்டைச் சேர்ந்த ழான் ஃபிரான்சுவா லெசாஜ் 1993-ல் தன் பட்டறையைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த ஊர் சென்னைதான். 'வஸ்த்ரகலா' என்ற அந்தப் பட்டறையின் கைவேலை பிரெஞ்சு அரண்மனைகளின் உள்ளலங்காரம் வரை போயிருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு ஃப்ரேமுக்கு முன் குனிந்திருக்கும் பெண் பிடிப்பதும் அதே வகை ஊசிதான்.

தையலும் தொழிற்சாலையும்

தையல் கற்பவர் முதலில் நாலு டாட் பிளவுஸைக் காகிதத்தில் வரைந்து வெட்டப் பழக வேண்டும். அளவு பிளவுஸை மடித்து வைத்துச் சுற்றி வெட்டிக் கற்றவர், வாடிக்கையாளரின் உடம்பு கொஞ்சம் மாறினாலும் திணறுவார். ஷோல்டர், ஆர்ம்ஹோல், டாட் உயரம் எல்லாம் உடம்பிலிருந்து காகிதத்துக்கு எப்படி வருகின்றன என்று புரிந்தவருக்கு பிரின்சஸ் கட்டும் கட்டோரியும் பெரிய விஷயமில்லை.

மெப்ஸ் வளாகத்திலும் அதைச் சுற்றியும் உள்ள ஏற்றுமதி ஆலைகளில் வேலை வேறு விதம். ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கஃப் மட்டும், ஒருவர் ஓவர்லாக் மட்டும். அங்குள்ள பவர் மெஷின் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை ஓடக்கூடியது. வீட்டு மெஷின் அதன் பக்கத்தில் வர முடியாது. அந்த வேகத்தில் நேர்கோடு பிடிக்கக் கற்றவரின் கை வாழ்நாள் முழுக்க உறுதியாக இருக்கும். ஆனால் முழு ஆடையைத் தைக்க அங்கே வாய்ப்புக் கிடைப்பது சாம்பிள் டெய்லருக்குத்தான். ஆலையில் சேர்கிறவர்கள் சாம்பிள் பிரிவைக் குறிவைத்து நகர வேண்டும். அங்கே போனவர்களால் பிறகு தனியாகக் கடை வைக்க முடியும்.

சொந்த மெஷின் வாங்கப் பணம் குறைவு என்றால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருட்களுக்கிடையே தேடிப் பார்க்கலாம். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் ஒரு துண்டுத் துணியும் நூலும் எடுத்துப் போய் அங்கேயே தைத்துப் பாருங்கள்.

படிப்பும் சான்றிதழும்

வேலைக்குச் சான்றிதழ் தேவை என்றால் கிண்டியில் அரசு மகளிர் ஐ.டி.ஐ. இருக்கிறது. தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் பிரிவு. பள்ளித் தையல் ஆசிரியர் ஆக விரும்புகிறவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் இரண்டும் எழுதி, அதன்பின் தொழிலாசிரியர் பயிற்சி முடிக்க வேண்டும். தனியார் 'டிப்ளமோ' எதற்கும் பணம் கட்டும் முன், அது எந்த அரசு அமைப்பால் ஏற்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆடை வடிவமைப்பை முழுப் படிப்பாக எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தரமணியில் நிஃப்ட். 1986-ல் டெல்லியில் தொடங்கிய நிறுவனத்தின் சென்னை வளாகம் 1995-ல் வந்தது. நான்காண்டு பி.டெஸ். படிப்பு, அகில இந்திய நுழைவுத் தேர்வு. அதில் படைப்புத்திறன் தாளும் உண்டு. வரைவது மட்டும் போதாது, ஒரு பொருளைப் பார்த்து யோசிக்கத் தெரிகிறதா என்பதையும் பார்ப்பார்கள். பிளஸ் ஒன் தொடங்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, கோலம், கோயில் தூண், பஸ் டிக்கெட், காய்கறிக் கடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரையச் சொல்லுங்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை பேருந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி.

போய்ப் பார்க்க வேண்டியவை

அதே பறக்கும் ரயிலில் ஒரு நிறுத்தம் தாண்டினால் திருவான்மியூர். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவை நடனப் பள்ளியாக மட்டும் எல்லோரும் அறிவார்கள். அடுத்த ஆண்டே அங்கே நெசவுப் பிரிவு வந்துவிட்டது. நடனத்துக்கேற்ற புடவை வெளியில் கிடைக்கவில்லை என்பதால் தறி போட்டு நெய்ய வைத்தார். அகலக் கரை, எதிர்நிற இணைப்பு, பழைய கோயில் வடிவங்கள் கொண்ட அந்தப் புடவைகளை இன்றும் அவர் பாணி என்றே அடையாளம் சொல்கிறார்கள். கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஊக்கத்தில் வந்த கலம்காரிப் பிரிவும் அங்கே உண்டு. கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்ப்பதில் வேலை ஆரம்பமாகிறது. கடுக்காயின் துவர்ப்பு, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைச் சந்திக்கும் இடத்தில் கறுப்பு பிறக்கிறது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. பார்வை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆடை வடிவமைப்பு என்றால் என்ன என்று புரிய நடன உடையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியபோது அணிந்த உடையை அமைக்க, மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர் உதவினார். ஆடுபவர் அரைமண்டியில் அமரும்போது கால்களுக்கிடையே விசிறி விரிய வேண்டும், நிமிர்ந்ததும் மடிந்து விழ வேண்டும், சுழலும்போது எதுவும் அவிழக்கூடாது. பட்டுப்புடவையை வெட்டித் தைத்துத்தான் இதைச் சாதிக்க முடியும். எந்த இடத்தில் வெட்டினால் கரை விசிறியின் விளிம்பில் வரும் என்று கணக்குப் போட வேண்டும். அடுத்த சீசனில் ஏதாவது ஒரு சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்து, பாட்டை ஒரு நிமிடம் மறந்து, அந்த மடிப்புகளை மட்டும் பாருங்கள்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குத் தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். செவ்வாய் விடுமுறை. அங்கே நெசவாளர் வீடு ஒன்றை அப்படியே எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தறி வீட்டின் எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மனிதர்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று நின்று பாருங்கள். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-ல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம். அந்த ஓவியர்கள் நிலம் வாங்கப் பணம் சேர்த்ததில் பாத்திக் துணிகளின் விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. துணி அவர்களுக்கு ஓவியத்துக்குக் குறைந்த வேலையாக இருக்கவில்லை.

மயிலாப்பூர் பங்குனித் தேரை வேடிக்கை மட்டும் பார்க்காமல், தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் ஊசிக்காரர் கண்ணோடு பாருங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்புத் துணிகளில் யாளியும் அன்னமும் வெட்டி, விளிம்பை மடித்து வைத்துத் தைத்த ஒட்டுவேலை. தெரு முனையிலிருந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் உருவம் பெரிதாகவும் நிறங்கள் பளிச்சென்றும் இருக்கும். பிளவுஸ் முதுகில் விரல்நுனி அளவுக்குப் பத்து வடிவங்களைத் திணிப்பவர்கள் இதைப் பார்த்துக் கற்கலாம்.

காஞ்சிபுரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிப் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடங்கள். கடைக்குள் போகும் முன் தறிச் சத்தத்தைக் கேளுங்கள். நெசவாளரின் அனுமதியோடு, அவர் வேலையை நிறுத்தாமல் நின்று பாருங்கள். ஒரு புடவை முடிய எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் ஆரி வேலைக்கு விலை வைக்கும்போது அந்தப் பதில் உதவும்.

வாங்கும் இடங்கள்

ஊசி, நூல், சாதாரண மணி எல்லாம் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலுமே கிடைக்கும். மொத்தமாக வாங்கும் நிலைக்கு வந்தவர்கள் கடற்கரை ரயிலில் கோட்டை நிறுத்தத்தில் இறங்கிப் பாரிமுனைப் பக்கம் நடக்க வேண்டும். லைனிங், மீட்டர் துணிக்கு கோடவுன் தெரு. சமிக்கி, சுகர் பீட்ஸ், ஜர்தோசி, குந்தன் வகைகளுக்கு சௌகார்பேட்டையின் சந்துகள். காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போய்விடுங்கள். மாலையில் நிற்க இடமிருக்காது. நல்ல கைத்தறிப் பருத்திக்கும் மீட்டர் துணிக்கும் எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸும் அதை ஒட்டிய பருத்தித் துணிக் கடைகளும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம்.

நிறம் பொருத்த வேண்டிய புடவையின் ஒரு நூலையோ முந்தி ஓரத்துத் துண்டையோ கையில் எடுத்துப் போங்கள். போன் படத்தை நம்பி நூல் வாங்காதீர்கள். கடைக்குள் டியூப்லைட்டில் மாம்பழ மஞ்சளாகத் தெரிவது வெளியே வந்தால் எலுமிச்சையாக இருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு வேலைக்குத் தேவையான சில்க் த்ரெட் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். அதே எண், அதே கம்பெனி என்றாலும் அடுத்த சாயத் தொகுதியில் நிறம் சற்று மாறும், வலது கையும் இடது கையும் வேறு நிறமாகப் போய்விடும். கணக்குக்கு மேல் ஒரு கண்டு கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் வைத்துக்கொண்டால் இரண்டு வருடம் கழித்து அந்த பிளவுஸ் ரிப்பேருக்கு வரும்போது கை கொடுக்கும்.